பேர் வெட்டிய சொம்பு

இதை எனக்கு முதலில் சொன்னவர் மீரான் பாய். பாத்திரக் கடை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவர். என் மூத்த மகளுக்குக் கல்யாணம் வைத்த வருஷம், கார்த்திகை மாசம், அவளுக்கு வாங்கின சீர்ப் பாத்திரங்களோடு அவர் எதிரில் உட்கார்ந்திருந்தேன். மெஷின் குர்ரென்று ஓடும்போது பாய் பேசமாட்டார். ஒரு பேரை முடித்து அடுத்த பேரைத் தொடங்குவதற்குள் கொஞ்சம் சொல்வார். அப்படித் துண்டு துண்டாகக் கேட்டதைத்தான் சேர்த்துச் சொல்கிறேன்.

ஆற்றங்கரையில் ஒரு மடம் இருந்தது. மேட்டில் கட்டின மடம். அதை நடத்தினது ஒரு அம்மா. நாற்பது வயசு இருக்கும். ஊரில் எல்லாருக்கும் அவர் மடத்தம்மா. சொந்த ஊர் எது, பெற்றவர் யார் என்று யாரும் கேட்டதில்லை. காவி கட்டினவர்களிடம் அதையெல்லாம் கேட்கிற வழக்கமும் இல்லை.

அவருக்கு ஒரே ஒரு சீடர். பேர் கோதண்டபாணி. குருவைவிட இருபது வயசு மூத்தவர். குரு சீடரை ஐயா என்பார். சீடர் குருவை அம்மா என்பார். புதிதாக மடத்துக்கு வருகிறவர்கள் நரைத்த தாடியைப் பார்த்து இவர்தான் குரு என்று நினைத்து, காலில் விழுந்துவிடுவார்கள். "நான் இல்லை, அவங்க" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் முக்கால்வாசிப் பேர் விழுந்து எழுந்து திருநீற்றுக்குக் கை நீட்டிக்கொண்டிருப்பார்கள்.

கோதண்டபாணி டவுன் தபாலாபீசில் கடிதம் பிரிக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தக் கடிதம் எந்தத் தெருவுக்கு என்று பார்த்து அறையில் போட வேண்டியது. ஒரு கடிதம்கூடத் தப்பாகப் போட்டதில்லை என்பது அவருக்குப் பெருமை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மெஸ்ஸில் சாப்பிட்டு, லாட்ஜில் படுத்து, காலம் போய்விட்டது.

ஒரே ஒரு குறை மட்டும் மனசில் இருந்தது. கடிதத்தைப் பிரித்தாரே தவிர, ஒரு நாளும் கொண்டுபோய்க் கொடுத்ததில்லை. தெய்வநாயகம் என்று ஒரு போஸ்ட்மேன் இருந்தார். மத்தியானம் பை காலியாகித் திரும்பும்போது, இந்த வீட்டில் மோர் கொடுத்தார்கள், அந்த வீட்டில் பேரன் பிறந்திருக்கிறான், கோடி வீட்டுக் கிழவர் கடிதத்தை மூன்று தடவை படிக்கச் சொன்னார் என்று கதை கதையாகச் சொல்வார். கோதண்டபாணி ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே கடிதம் பிரிப்பார்.

மடத்துக்கு வந்ததிலிருந்து அவர் குருவிடம் கேட்டது ஒரே கேள்விதான்.

"அம்மா, எனது எனதுங்கிற எண்ணம் எப்ப போகும்?"

"மாட்டுத் தொட்டியில பாசி பிடிச்சிருக்கு. அதைத் தேய்ச்சு விடுங்க ஐயா."

ஒரு மாதம் கழித்து மறுபடி கேட்பார். விறகு நனைகிறது, எடுத்து உள்ளே போடுங்கள் என்று பதில் வரும். அவரும் சளைக்கவில்லை. தன்னிடம் ஒரு தகரப் பெட்டியும் இரண்டு வேட்டியும்தான் இருக்கிறது, பாக்கி எல்லாவற்றையும் விட்டாயிற்று, காவி எப்போது கிடைக்கும் என்று கடைசியில் வெளிப்படையாகவே கேட்டுவிட்டார். தைப்பூசம் வரட்டும், பார்க்கலாம் என்றார் மடத்தம்மா. அன்றிலிருந்து கோதண்டபாணி தைப்பூசத்தை எதிர்பார்த்தே மூச்சு விட்டார்.

தைப்பூசத்துக்கு முன்னால் வெள்ளம் வந்தது.

ஐப்பசி மழை விடாமல் கொட்டி, ஆற்றுக்கரை உடைத்துக்கொண்டு, ஊர் முழுக்க இடுப்பளவு தண்ணீர். ஆண்டவன் புண்ணியத்தில் உயிர்ச் சேதம் இல்லை. ஆடு மாடு, கோழி, குழந்தை குட்டிகளோடு ஊரே மேட்டு மடத்துக்கு வந்து சேர்ந்தது. ஒரே அண்டா, ஒரே அடுப்பு, ஒரே பந்தி.

சமையல் பொறுப்பை இட்லிக் கடை முத்துவடிவு எடுத்துக்கொண்டாள். யாரும் கொடுக்கவில்லை, அவளாக எடுத்துக்கொண்டாள். பெரிய வீட்டு சபாநாயகத்தை வெங்காயம் உரிக்க வைத்தாள். அவர் கண்ணில் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்து, பாவம் வீட்டை நினைத்து அழுகிறார் என்று நாலு பேர் வந்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். அவரும் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டார். சம்பந்திகளான வைத்திலிங்கமும் கலியபெருமாளும் பக்கத்தில் பக்கத்தில் படுத்து, யார் அதிகம் குறட்டை விட்டது என்று காலையில் கேலி செய்துகொண்டார்கள். கலியபெருமாளின் மருமகள் செண்பகம் வைத்திலிங்கத்தின் மகள். அப்பாவும் மாமனாரும் அப்படிச் சிரித்துப் பேசி அவள் கல்யாணத்துக்குப் பிறகு பார்த்ததே இல்லை.

தண்ணீர் வடிந்தது. வீடுகளில் முழங்கால் அளவு சேறு. வீட்டுக்குள் இருந்த பாத்திரமெல்லாம் புழக்கடை வழியாக மிதந்துபோய் மடத்து வாழைத்தோப்பில் சிக்கிக் கிடந்தன. குடம், தவலை, தாம்பாளம், தூக்கு, குத்துவிளக்கு. எல்லாம் சேற்றோடு ஒரே குவியல். அள்ளிக்கொண்டு வந்து மடத்துக் கூடத்தில் போட்டார்கள். அங்கே மடத்துப் பாத்திரமும் அதோடு கலந்துபோயிற்று.

மடத்தம்மா சீடரைக் கூப்பிட்டார்.

"வானம் இன்னும் வெளுக்கலை. அடுத்த மழைக்குள்ள உடைப்பை அடைக்கணும். நாங்க எல்லாரும் கரைக்குப் போறோம். உங்களுக்கு இடுப்பு வலி, மண் சுமக்க முடியாது. இந்தப் பாத்திரமெல்லாம் வீடு போய்ச் சேரணும். அது உங்க பொறுப்பு."

எல்லாரும் மண்வெட்டியும் சாக்குமாகக் கிளம்பிப் போனார்கள். கோதண்டபாணி ஒரு குடத்தை எடுத்துப் பம்பில் கழுவினார். கழுத்தில் எழுத்துத் தெரிந்தது. வைத்திலிங்கம். ஒரு தூக்கை எடுத்தார். முத்துவடிவு. ஒரு கரண்டியை எடுத்தார். சபாநாயகம். கரண்டிக் காம்பில் இடம் போதாமல் பேரின் கடைசி எழுத்து குழிக்குள் இறங்கியிருந்தது.

அவருக்கு உடம்பு புல்லரித்துப்போயிற்று. விலாசத்தோடு அல்லவா கிடக்கிறது.

நாற்பது வருஷ வேலை கைக்குத் திரும்பி வந்தது. கழுவினார், படித்தார், தெருத் தெருவாகப் பிரித்தார். வெளியூர்ப் பேர் போட்டதைத் தனியாக வைத்தார். பிறகு அனுப்பிக்கொள்ளலாம்.

பாதியில் ஒரு பித்தளைச் சொம்பு வந்தது. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து வழுவழுவென்று இருந்தது. விளிம்புக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு பேர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

வே. கோதண்டபாணி, தபாலாபீஸ்.

அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. தைப்பூசத்துக்குக் காவியோடு சேர்த்துக் கொடுக்க, அம்மா ரகசியமாகப் பேர் வெட்டி வைத்திருக்கிறார். வெள்ளம் அதை வெளியே கொண்டுவந்துவிட்டது. பழைய சொம்புதான். துறவிக்குப் பழசுதானே பொருத்தம். அவர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய், தகரப் பெட்டிக்குள் வேட்டிக்கு நடுவில் வைத்துப் பூட்டினார்.

பிறகு தள்ளுவண்டியில் பாத்திரங்களை ஏற்றினார். இடுப்பு வலி ஞாபகம் வரவில்லை. ஒவ்வொரு வாசலிலும் நின்று, உள்ளே ஆள் இல்லை என்று தெரிந்தும், "போஸ்ட்" என்று ஒரு குரல் கொடுத்தார். பாத்திரங்களை வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போனார். பொழுது சாய்வதற்குள் வண்டி காலி.

மடத்தம்மா கரையிலிருந்து முதலில் திரும்பினார். உடைப்பில் பாதி அடைத்தாயிற்று, நாளைக்கும் எல்லாரும் வந்தால் முடிந்துவிடும் என்றார். தண்ணீர்ப் பானைப் பக்கம் போய் இங்கும் அங்கும் பார்த்தார்.

"தண்ணிச் சொம்பைக் காணோமே."

"தேடிப் பார்க்கிறேன் அம்மா" என்றார் கோதண்டபாணி.

மடத்தம்மா கையைக் குழித்து மொண்டு குடித்தார். அதற்குள் தெருவில் சத்தம் கேட்டது.

முத்துவடிவு தன் வீட்டுக்கு வந்து பார்த்தபோது, வாசல்படியிலிருந்து நடுத்தெரு வரைக்கும் தூக்குப் பாத்திரமாக நின்றது. எல்லாம் ஒரே அளவு, ஒரே மாதிரி. இந்த வயசில் தனக்கு யாரய்யா சீர் வைத்தது, மாப்பிள்ளை யார் என்றாவது சொல்லுங்கள் என்று அவள் தெருவையே கேட்டாள்.

பெரிய வீட்டு சபாநாயகத்தின் வாசலில் ஒரு கரண்டி இருந்தது. ஒரே ஒரு கரண்டி. மூன்று பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து பரண் கொள்ளாமல் பாத்திரம் வைத்திருந்த வீடு அது. அவர் அந்தக் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, தன்னை ஊர் சேர்ந்து கொள்ளையடித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே மடத்தைப் பார்த்து நடந்தார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். வைத்திலிங்கம் வாசலில் நடந்தது அப்படி இல்லை. மகள் செண்பகத்துக்கு அவர் சீராகக் கொடுத்த தவலை, அண்டா, குத்துவிளக்கு, அவ்வளவும் துடைத்து வைத்த மாதிரி அவர் வாசலில் இருந்தது. சீரைத் திருப்பி வாசலில் வைத்தால் என்ன அர்த்தம் என்று எந்தத் தகப்பனுக்கும் தெரியும். உன் பெண் எங்களுக்கு வேண்டாம் என்று அர்த்தம். அந்தப் பக்கம் கலியபெருமாள் வீட்டுக்கு வந்தார். மருமகள் கொண்டுவந்த சாமானில் ஒன்றுகூட வந்து சேரவில்லை. எதிர்ச்சாரியில் அவள் அப்பன் வாசலில் அத்தனையும் மின்னிக்கொண்டிருந்தது. மருமகள் சாமானை எடுத்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

தெருவில் இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். உன் வீட்டில் இனிமேல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்றார் ஒருவர். நீ குடித்த தண்ணீருக்கே நாங்கள் கிணறு கழுவ வேண்டும் என்றார் மற்றவர். நாளைக்குக் கரைக்கு நானும் வரமாட்டேன், என் பங்காளிகளும் வரமாட்டார்கள் என்றார் வைத்திலிங்கம். நீ வராத கரைக்கு நான் மட்டும் எதற்கு என்றார் கலியபெருமாள். இந்தப் பக்கம் பாதி ஊர், அந்தப் பக்கம் பாதி ஊர். கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

செண்பகம் நடுவில் நின்று, நான் எங்கேயும் போகவில்லை, காலையிலிருந்து கரையில் மண் சுமந்துகொண்டிருந்தேன், வேண்டுமானால் தலையைத் தொட்டுப் பாருங்கள் என்றாள். யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

எல்லாரும் மடத்து வாசலுக்கு வந்தார்கள். பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தது யார் என்று கேட்டார்கள்.

கோதண்டபாணி முன்னால் வந்தார். "நான்தான். பேர் பார்த்துத்தான் கொடுத்தேன். ஒண்ணுகூடத் தப்பில்லை."

முத்துவடிவுதான் கேட்டாள்.

"ஐயா, உங்களுக்குக் கல்யாணம் ஆயிருக்கா?"

"இல்லை."

"அதான்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். முத்துவடிவு அவர் பக்கத்தில் வந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"கொடுத்தவங்க பேரைத்தான் ஐயா பாத்திரத்துல வெட்டுவாங்க. வாங்கினவங்க பேரை எதுக்கு வெட்டணும்? அவங்கதான் வீட்டுக்குள்ளயே இருக்காங்களே."

கோதண்டபாணி காலி வண்டியைப் பார்த்தார். ஒரு கடிதம்கூடத் தப்பாகப் போடாதவர், ஒரே பகலில் ஊரின் அத்தனை கல்யாணத்தையும் அனுப்பினவருக்கே திருப்பி அனுப்பியிருந்தார். தைப்பூசம் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது.

தப்பு புரிந்துவிட்டது. ஆனால் தெருவில் பேசின பேச்சு பேசினதுதான். வைத்திலிங்கம் வானத்தைப் பார்த்தார். கலியபெருமாள் தரையைப் பார்த்தார்.

மடத்தம்மா வாசலுக்கு வந்தார். திட்டுவார் என்று சீடர் காத்திருந்தார். அம்மாவோ ஊரைப் பார்த்துக் கேட்டார்.

"அவங்கவங்க பேர் போட்டது அவங்கவங்ககிட்ட இருக்கா?"

இருக்கிறது என்றார்கள்.

"நல்லதாப் போச்சு. யாருக்குக் கொடுத்தீங்களோ, அவங்களுக்கே இன்னொரு தடவை கொடுத்துடுங்க."

"யாருக்குக் கொடுத்தோம்னு இப்ப யாருக்கு ஞாபகம் இருக்கு?" என்றார் சபாநாயகம்.

"உங்களுக்குமா?"

அவர் கரண்டியைப் பார்த்தார். ஒரே கரண்டி. ஞாபகம் இருந்தது.

"ஞாபகம் இல்லாதவங்க வீடு வீடாப் போய்க் கேளுங்க. வெறும் பாத்திரத்தை நீட்டக் கூடாது. அது உங்களுக்கே தெரியும்."

வெறும் பாத்திரத்தை யார் நீட்டுவார்கள்? பக்கத்து வீட்டுக் கிண்ணத்தைத் திருப்பும்போதுகூட நாலு அரிசியாவது போட்டுத்தானே கொடுக்கிறோம். ஆனால் யார் வீட்டிலும் எதுவும் இல்லை. மடத்தில் நிவாரண அரிசியும் வெல்லமும் இருந்தது. மறுபடி ஒரே அண்டா, ஒரே அடுப்பு. முத்துவடிவு இடுப்பில் முந்தானையைச் செருகினாள். பொங்கல் வெந்ததும், ஆளுக்கு ஆள் பேர் போட்ட பாத்திரத்தில் வாங்கிக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே ஊருக்குள் இறங்கினார்கள்.

முத்துவடிவின் தூக்குகளை அவளால் தனியாகத் தூக்க முடியாது. ஊரில் எந்தக் கல்யாணத்துக்கும் அவள் ஒரு தூக்கு கொடுத்திருந்தாள். பிள்ளைகளும் பெண்களுமாக ஆளுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டார்கள். எந்தத் தூக்கு எந்த வீட்டுக்கு என்று கேட்டதற்கு, எல்லாம் ஒரே கடை, ஒரே அளவு, எதை வைத்தாலும் சரி என்று சொல்லிவிட்டாள். வெளியூர்ப் பேர்களைச் செண்பகம் பிரித்தாள். எந்த மருமகளுக்கு எந்த ஊர் என்று அவளுக்குத் தெரியும்.

சபாநாயகம் கரண்டி நிறையப் பொங்கலை நீட்டிப் பிடித்துக்கொண்டு, சிந்தாமல், அடிமேல் அடி வைத்துக் கோடித் தெருவுக்குப் போனார். ஊரே வழிவிட்டு நின்று பார்த்தது. அந்த வீட்டுக்காரர் கரண்டியை வாங்கிப் பார்த்து, என் கல்யாணத்துக்கு வெறும் கரண்டி வந்தது, இன்றைக்குத்தான் மீதி வருகிறது என்றார். சபாநாயகமே சிரித்துவிட்டார். சிரித்ததில் கொஞ்சம் பொங்கல் கீழே விழுந்தது. அதைக் கோழி தின்றது.

வைத்திலிங்கத்தின் தவலை பெரிய தவலை. பொங்கல் போட்டதும் ஒற்றை ஆளால் அசைக்க முடியவில்லை. பங்காளிகள் எல்லாரும் அவரவர் பாத்திரத்தோடு போய்விட்டார்கள். இழுத்து இழுத்துத் தெருவின் நடு வரைக்கும் கொண்டுவந்தார். எதிர் வாசலில் நின்றிருந்த கலியபெருமாள் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வந்து மறுபக்கத்துக் காதைப் பிடித்துத் தூக்கினார். பேச்சில்லை. உள்ளே போனதும் பேசாமல் முடியவில்லை.

"எங்க வைக்கட்டும்?"

"அங்கயே. எப்பவும் இருக்கிற இடம்."

வைத்துவிட்டு நிமிர்ந்தபோது வைத்திலிங்கத்துக்கு மூச்சு வாங்கியது. செண்பகம் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் டம்ளரைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார், குடித்தார். கிணற்றை எப்போது கழுவப் போகிறீர்கள் என்று அவர் கேட்க, குறட்டை விடுகிறவர்களிடம் தேதி சொல்வதில்லை என்றார் கலியபெருமாள்.

மறுநாள் எல்லாரும் கரைக்கு வந்தார்கள். உடைப்பு அடைபட்டது. அதற்கு மறுநாள் மழை வந்தது. கரை நின்றது.

மழை விட்டதும் கோதண்டபாணி தகரப் பெட்டியைத் திறந்தார். சொம்பை எடுத்துக்கொண்டு வந்து குருவின் எதிரில் நின்றார்.

"இதை மட்டும் நான் கொடுக்கலை அம்மா. என் பேர் போட்டிருந்தது. தைப்பூசத்துக்கு நீங்க எனக்காக வெட்டி வச்சதுன்னு நினைச்சேன்."

"நான் வெட்டலை."

"அப்படின்னா கொடுத்தவன் நானா? நான் யாருக்கும் எதுவும் கொடுத்ததா ஞாபகம் இல்லையே."

"போய்க் கேளுங்க. வெறும் சொம்பா நீட்டாதீங்க."

சொம்பு நிறைய மோரை ஊற்றிக்கொண்டு அவர் ஊருக்குள் இறங்கினார். முதல் வீட்டில் கேட்டார். எங்களுடையது இல்லை ஐயா, உள்ளே வந்து உட்காருங்கள் என்று பொரி கொடுத்தார்கள். அடுத்த வீட்டில் பேரனைக் கொண்டுவந்து மடியில் போட்டார்கள். கோடித் தெருவில் ஒரு பெரியவர் மகனிடமிருந்து வந்த கடிதத்தைப் படிக்கச் சொன்னார். படித்தார். மறுபடி படிக்கச் சொன்னார். எல்லா வீட்டிலும் இல்லை என்றுதான் சொன்னார்கள். எந்த வீட்டிலும் வாசலோடு அனுப்பவில்லை. முத்துவடிவு மட்டும், சொம்பை வைத்துப் பெண் தேடுகிறீர்களா ஐயா என்று கேட்டு, இரண்டு இட்லி வைத்தாள்.

வயிறு நிறைந்து, மோர்ச் சொம்போடு திரும்பி வந்தார்.

"எல்லா வீட்டுலயும் கேட்டீங்களா?"

"கேட்டேன் அம்மா. யாரோடதும் இல்லை."

"ஒரு வீடு விட்டுப்போச்சே."

"எது?"

"இந்த வீடு."

அவருக்குப் புரியவில்லை. மடத்தம்மா சொன்னார்: "எங்க அப்பா பேர் தெய்வநாயகம். போஸ்ட்மேன்."

கோதண்டபாணிக்கு ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிது. தெய்வநாயகத்துக்குக் கல்யாணம், அவரவர் பேரில் ஆளுக்கொரு பாத்திரம் வாங்க வேண்டும் என்று தலைமை குமாஸ்தா எல்லாரிடமும் பணம் கேட்டார். அவரும் கொடுத்தார். என்ன வாங்கினார்கள் என்று பார்க்கவில்லை. கல்யாணத்துக்கும் போகவில்லை. அன்றைக்கு யாராவது உட்கார்ந்து கடிதம் பிரிக்க வேண்டியிருந்தது.

"நீங்க மடத்துக்கு வந்த நாள்லேருந்து இதுலதான் உங்களுக்குத் தண்ணி கொடுக்கிறேன்" என்றார் மடத்தம்மா.

அவர் சொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எத்தனை தடவை இதில் குடித்திருக்கிறார், ஒரு நாளும் உற்றுப் பார்த்ததில்லை.

"அப்ப இது என்னோடதா அம்மா, உங்களோடதா?"

மடத்தம்மா சொம்பை வாங்கினார். மோரைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். காலிச் சொம்பை அவர் கையில் திருப்பி வைத்தார்.

"வாசல்ல யாரோ வெயில்ல வந்து நிக்கிறாங்க. தண்ணி மொண்டு கொடுங்க ஐயா."

தைப்பூசத்துக்கு அவருக்குக் காவி கிடைத்ததா என்று நான் மீரான் பாயைக் கேட்டேன். பாய் அடுத்த தட்டை எடுத்து மெஷினை ஓட விட்டுவிட்டார்.

உங்கள் வீட்டிலும் பரணில் எங்கேயாவது ஒரு சொம்போ தட்டோ இருக்கும். இன்றைக்கு அதை எடுத்துத் துடைத்து, அதில் இருக்கிற பேரை ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள். அவ்வளவுதான் நான் கேட்பது.